மேல் முளைக்கு மேலே

2015 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் கெஸ்லர் அணையின் மதகுகள் இறக்கப்பட்டு, டோலன் ஆற்றுக்குப் போகும் தண்ணீர் பாதியாகக் குறைக்கப்பட்டது. எட்டு மணிக்குள் அணைக்குக் கீழே இருக்கும் சரளைத் திட்டு முழுவதும் வெளியே தெரிந்தது.

நோரீன் ஹோவ்லண்ட் அதற்கு முன்பே வந்து கரையில் நின்றிருந்தாள். மாநில மீன்துறையில் ஆற்று உயிரியலாளர். இடுப்பு வரை ரப்பர் கால்சட்டை, கம்பளித் தொப்பி, கையில் காப்பிக் குடுவை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. காரணம் கோபம். வேறு வியாதி எதுவும் இல்லை.

டோலன் ஆற்றின் சால்மன் மீன்கள் அழிவின் விளிம்பில் இருப்பதாக அரசு அறிவித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கடலிலிருந்து ஏறிவரும் பெண்மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, மூடி, சில நாள் காவல் நின்றுவிட்டுச் சாகும். அந்த முட்டைக்குழி குளிர்காலம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருந்தால்தான் வசந்தத்தில் குஞ்சு வெளியே வரும். மீன் பகலில்தான் குழி பறிக்கும். அதனால் முட்டையிடும் வாரங்களில் அணை பகலில் தண்ணீரைக் குறைத்தும் இரவில் கூட்டியும் விடவேண்டும் என்று ஒப்பந்தம். பகலில் ஆறு தாழ்ந்திருந்தால் மீன் மேட்டில் ஏறிக் குழி பறிக்காது. அப்படியும் ஏறிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. திட்டில் இரண்டு இரும்பு முளைகள் அடித்திருந்தார்கள். மேல் முளைக்கு மேலே பன்னிரண்டு முட்டைக்குழிகள் இருந்தால், குளிர்காலம் முடியும்வரை அணை அந்த முளை முழுகும் அளவுக்குத் தண்ணீர் விட்டாகவேண்டும். பன்னிரண்டுக்குக் குறைந்தால் கீழ் முளை வரை விட்டால் போதும். மேலே இருப்பவை போனவைதான்.

செவ்வாயும் புதனும் பட்டப்பகலில் அணை முழுத் தண்ணீரையும் திறந்துவிட்டது. இதே கரையில் நின்று நோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பிய தண்ணீரில் மீன்கள் வரிசையாக மேட்டுக்கு ஏறின. அணைக்குத் தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிறன்று மின்சாரத் தேவை குறைவு என்பதால் எண்ணிக்கைக்கு எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். மூன்று பேர் எண்ணுவார்கள். மீன்துறைக்கு நோரீன். ஆற்றுப் பழங்குடியின் மீன்பிரிவிலிருந்து ஆர்லன் வெஸ்லி. பதினோரு வருடமாக அவளோடு இந்தத் திட்டில் நடப்பவன், இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அணையின் சார்பில் கீத் பாசெட். கீத் முன்பு நோரீனோடு மீன்துறையில் இருந்தவன். மூன்றாவது குழந்தை பிறந்ததும் அணை வேலைக்குப் போய்விட்டான்.

கீத் வண்டியின் பின்கதவைத் திறந்து டோனட் பெட்டியை நீட்டினான். வருடா வருடம் அவன்தான் வாங்கிவருவான்.

"எடுத்துக்கோ ஆர்லன். மேப்பிள் பாகு பூசினது உனக்குன்னே சொல்லி வாங்கினேன்."

"எங்க ஆத்தை எடுத்துக்கிட்டு நீங்க திருப்பிக் குடுக்கறதுல இது ஒண்ணுதான் ஒழுங்கா வந்து சேருது," என்று ஆர்லன் இரண்டை எடுத்துக்கொண்டான்.

"நோரீன்?"

"செவ்வாக்கெழம எவ்வளவு சம்பாதிச்சீங்கன்னு சொல்லு. அப்புறம் சாப்பிடுறேன்."

கீத் பெட்டியை மூடினான். "நானா மதகைத் திறந்தேன்? மேற்கே ஒரு மின்நிலையம் படுத்துடுச்சு. எல்லா அணையையும் திறக்கச் சொல்லி உத்தரவு. உறைபனியில ஜனங்க ஹீட்டர் இல்லாம விறைச்சுப் போகட்டும்னு சொல்றியா?"

"ஃபோனையாவது எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்து? நீ கத்துவ, நான் கேட்டுக்கிட்டு இருக்கணும். அதுக்கு எடுக்காம இருக்கறதே மேல்."

"நல்லா இருக்கு. மீனை மேல ஏத்தி விடுறதும் நீங்க, மேல இருக்கறதுக்குத் தண்ணி தரமாட்டோம்னு சொல்றதும் நீங்க."

"இன்னும் எண்ணவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள தரமாட்டேன்னு யாரு சொன்னா?"

"ஏம்ப்பா, கல்யாணம் பண்ணி விவாகரத்து வாங்கின மாதிரியே சண்ட போடுறீங்க," என்றான் ஆர்லன். "பதினொரு மணிக்குச் சங்கு ஊதிடுவான். தண்ணி வந்துடும். வாங்க."

மூவரும் கைநீட்டினால் தொடும் இடைவெளியில் வரிசையாக நடந்தார்கள். திட்டின் கற்கள் பாசி படிந்து பழுப்பாகக் கிடந்தன. மீன் கிளறிய இடம் மட்டும் வெள்ளையாக, கட்டில் அகலத்துக்குத் தனியாகத் தெரியும். மேல்பக்கம் ஒரு பள்ளம், கீழ்ப்பக்கம் நீண்ட மேடு. செத்த மீன்கள் ஆங்காங்கே கற்களுக்கு இடையில் கிடந்தன. ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க ஆர்லன் ஒவ்வொன்றின் வாலையும் கத்தியால் வெட்டிப்போட்டுக்கொண்டே வந்தான். சில பெண்மீன்களின் வால் ஓரம் தேய்ந்து எலும்பு தெரிந்தது.

மேல் முளையைத் தாண்டியதும் முதல் ஐந்து குழிகளில் தகராறு இல்லை. கீத்தே முந்திக்கொண்டு, "இது குழிதான்," என்றான். இன்னும் நான்கு வந்தன. அவற்றிலும் சண்டை இல்லை. ஒன்பது. நோரீன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கல்லில் ஆரஞ்சு நாடா கட்டினாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. முடிச்சு போடப் பல்லால் இழுத்தாள்.

திட்டின் தலைமாட்டில், வில்லோப் புதரை ஒட்டி, மேலும் நான்கு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. இவற்றில் மேடு சரியாக எழும்பியிருக்கவில்லை.

கீத் முதலாவதன் முன்னால் நின்று தலையாட்டினான். "வெறுங்குழி."

"என்னது?"

"வெறுங்குழிங்கறேன். நாலுமே. மீன் கிண்டிப் பார்த்துட்டுப் போயிருக்கு. ஒரு பெண்மீன் நாலு இடத்துல கிண்டிட்டுத்தான் ஒரு இடத்துல முட்ட போடும், உனக்குத் தெரியாததா?"

"கிண்டிப் பாத்துட்டுப் போனா இவ்வளவு நீளமா இருக்குமா? மேடு ஏன் இல்லன்னு நான் சொல்லட்டுமா? வியாழக்கெழம காலையில சடார்னு தண்ணிய இறக்கினீங்க. மூடி முடிக்கறதுக்குள்ள மீனைத் தொரத்திட்டீங்க."

"அது உன் யூகம்."

"வெறுங்குழிங்கறது மட்டும் யூகம் இல்லயா?"

"யூகம்தான். ஆனா ஒப்பந்தம் என்ன சொல்லுது? சந்தேகமா இருந்தா மூணு பேரும் ஒத்துக்கணும். நான் ஒத்துக்கல." அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒன்பது."

அடுத்து அவள் செய்ததற்கு, ஒன்பது என்று அவன் சொன்ன விதம்தான் காரணமாக இருக்கவேண்டும். அதில் வெற்றி எதுவும் தொனிக்கவில்லை. கடையில் சாமானுக்குக் கணக்கு முடிப்பவனின் குரல் அது. ஒன்றாக ஒரே கூடாரத்தில் மழையில் படுத்தவன், ஒரு வருடம் ஆற்றில் மீன் குறைந்தபோது இதே கரையில் உட்கார்ந்து அழுதவன், இப்போது மதியம் டிவியில் பந்தாட்டம் பார்க்க வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறான். நோரீன் முழங்காலிட்டாள். கையுறையைக் கழற்றி எறிந்தாள். முதல் குழியின் மேட்டுப்பக்கக் கற்களை இரண்டு கைகளாலும் வாரி எடுக்கத் தொடங்கினாள்.

"நோரீன்," என்றான் ஆர்லன். "நோரீன், வேணாம்."

அவள் நிறுத்தவில்லை. மேல்கற்கள் போனதும் ஈரச் சரளை வந்தது. முழங்கை ஆழத்தில் விரலில் வழுக்கலாக ஏதோ தட்டியது. உள்ளங்கையைக் குவித்து மேலே எடுத்தாள். பட்டாணி அளவில், இளஞ்சிவப்பாக, ஒளி ஊடுருவும் முட்டைகள். ஏழெட்டு இருந்தன.

"இந்தா," என்றாள். மூச்சு வாங்கியது. "வெறுங்குழி. நல்லாப் பாத்துக்கோ உன் வெறுங்குழிய."

கீத் பார்த்தான். "முட்டைக்குழிதான்," என்றான். "ஒத்துக்கறேன். ஆனா இதை எண்ண முடியாது."

"ஏன் முடியாது?"

"நீ கைய வெச்சுட்ட."

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. சில வருடங்களுக்கு முன் தூண்டில்காரர்கள் சிலர், அணையை அதிகத் தண்ணீர் விடவைப்பதற்காக, எண்ணிக்கைக்கு முந்தின நாள் திட்டில் ஏறி மண்வெட்டியால் பொய்க்குழிகள் பறித்துவைத்தார்கள். ஆள் கை பட்ட குழி கணக்கில் வராது என்ற விதி அதற்குப் பிறகு வந்தது. அந்த விதி வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசியவர்களில் அவளும் ஒருத்தி.

உள்ளங்கையில் இருந்த முட்டைகளைப் பார்த்தாள். முட்டையிட்டு ஐந்து நாள்கூட ஆகவில்லை. கருவில் கண்புள்ளி தெரியும்வரை அவற்றுக்கு அதிர்ச்சி ஆகாது, அசைத்தாலே சாகும். இதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். குனிந்து, எடுத்த இடத்திலேயே அவற்றை வைத்து, கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் அடுக்கினாள்.

"நான் தொறந்தது ஒரு அறையத்தான்," என்றாள். "ஒரு குழிக்குள்ள நாலஞ்சு அறையா முட்ட போட்டிருக்கும். மிச்சம் உயிரோடதான் இருக்கு."

"இருக்கும். எப்படிக் காட்டுவ? அதையும் தோண்டியா?"

ஆர்லன் கத்தியை உறையில் சொருகினான். அவன் முகத்தில் காலையிலிருந்து இருந்த கேலி போய்விட்டது.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். போன மாசம் எங்க மாமா நினைவு விருந்து. எங்க சனத்துல விருந்துன்னா முதல்ல ஒரு வாய் பச்சத் தண்ணி, அப்புறம் இந்த மீன். இந்த வருஷம் மீன் கம்மின்னு நாங்களே எங்க வலையச் சுருட்டி வெச்சுட்டோம். யாரும் சொல்லல, நாங்களே. மாமாவுக்குக் கடையில வாங்கின பண்ணை மீனை வெச்சோம். பிளாஸ்டிக் உறையோட வந்தது. கெழவனுங்க ஒருத்தனும் வாயத் தொறக்கல, தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிட்டாங்க. நாங்க அப்படி விட்டு வெச்ச மீனு போட்ட முட்ட இது. நீ கோவத்துல கைய விட்டுக் கெளறுற. இவன் மணி பாக்குறான்."

"ஆர்லன், நான்—"

"பேசாத. உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்." அவன் கீத் பக்கம் திரும்பினான். "இன்னும் மூணு இருக்கு. ஒன்பதும் மூணும் பன்னெண்டு. மூணும் வெறுங்குழின்னு சொல்ற இல்ல?"

"சொல்றேன்."

"சரி. தோண்டு."

"என்ன?"

"தோண்டுய்யா. உள்ள ஒண்ணும் இல்லன்னா தோண்டினா யாருக்கு நஷ்டம்? கல்லுதானே? முட்ட இருந்து நீ தோண்டினா அது குத்தம், அரசாங்கம் பாதுகாக்கிற மீனோட கூட்டை அழிச்ச குத்தம். இல்லன்னா ஒண்ணுமே இல்ல. உனக்குத்தான் நிச்சயமாத் தெரியுமே, இறங்கித் தோண்டு."

ஆர்லன் நகர்ந்து இரண்டாவது குழிக்குப் பக்கத்தில் போய் நின்று, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இடம் காட்டுவதுபோலக் கையை நீட்டினான்.

கீத் அந்தக் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான். ஒரு கல்லைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். எழுந்து பத்தடி தள்ளிப் போய் அணை அலுவலகத்துக்குப் பேசினான். ஆற்றின் சத்தத்தில் அவன் பேசியதில் பாதிதான் கேட்டது. "இல்ல சார்... தெரியல சார்... அப்படித்தான் கேக்குறான்." திரும்பி வந்தபோது காதுகள் சிவந்திருந்தன.

"என்ன சொன்னாரு உங்க மகராசன்?" என்றாள் நோரீன்.

"நீயே பாத்துக்கோன்னாரு."

"அப்புறம் என்ன, பாரு," என்றான் ஆர்லன்.

கீத் இரண்டாவது குழியைச் சுற்றி நடந்தான். மூன்றாவதையும் சுற்றினான். பள்ளத்தின் ஆழத்தைக் காலால் அளந்தான். "இந்த ரெண்டும்... இருக்கலாம்," என்றான். "எழுதிக்கோ. பதினொண்ணு."

நோரீன் அவசரமாக இரண்டு நாடாக்களைக் கட்டினாள். ஒன்று அவிழ்ந்து விழுந்தது. மறுபடி கட்டினாள். மீதி ஒன்று. புதரின் வேருக்கு அருகில், மற்றவற்றைவிடச் சிறியது, மேடு என்று சொல்ல ஒன்றுமே இல்லாதது.

"இது?" என்றான் ஆர்லன்.

"இது வெறுங்குழி."

"மத்த ரெண்டையும் இப்படித்தான் சொன்ன."

"அதுல எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இதுல இல்ல. ஆர்லன், நான் அணைக்கு வேலை செய்யறவன்தான், அதுக்காகப் பொய் சொல்றேன்னு அர்த்தமா? பதினாலு வருஷம் இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இதுல முட்ட இல்ல."

"நீ சொன்னா நான் நம்பணும். நான் சொன்னா நீ நம்பமாட்ட. சம்பளம் அங்கேருந்து வாங்க ஆரம்பிச்சதும் கண்ணுக்கும் அவங்களே கண்ணாடி வாங்கித் தந்துட்டாங்களா?"

"ஆர்லன், போதும், விடு," என்றாள் நோரீன். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கீத்தின் தாடை இறுகுவதை அவள் முன்பு பார்த்திருக்கிறாள். "கீத், இரு. சங்கு ஊதறவரைக்கும் பாப்போம். தண்ணி ஏறினதும் மீன் திரும்பி வந்து காவல் நிக்குதான்னு—"

"எண்ணிக்கை தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி முடியணும். உனக்கே தெரியும்."

"அப்ப தோண்டு," என்றான் ஆர்லன். "பயமா இருந்தா பன்னெண்டுன்னு சொல்லு. பயம் இல்லன்னா தோண்டு. ரெண்டும் இல்லாம நடுவுல நின்னு மணி பாக்காத."

கீத் கையுறையோடு முழங்காலிட்டான். நோரீன் அவன் தோளைப் பிடித்தாள். உதறினான். நான்கு பெரிய கற்களைப் புரட்டித் தள்ளினான். சரளையைக் கையால் வாரினான். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து ஆர்லனைப் பார்த்தான். "பாத்தியா? இதுக்குத்தான்..." என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கை வாரினான்.

கையுறையின் கறுப்பு ரப்பரில் முட்டைகள் ஒட்டியிருந்தன. மூன்று. ஒன்று நசுங்கி, பால்போல வழிந்திருந்தது.

கீத் கையைக் கீழே போடவும் இல்லை, மூடவும் இல்லை. ஆர்லன் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றான்.

அணையின் மேலிருந்து முதல் சங்கு ஊதியது. கால் மணி நேரத்தில் தண்ணீர் வரும்.

"மூடு," என்றாள் நோரீன். "கீத், மூடு. கல்லை எடுத்து வை. நாம மூணு பேருதான் பாத்தோம். பன்னெண்டு. இது முட்டைக்குழி, உன் கண்ணால பாத்துட்ட. பன்னெண்டுன்னு சொல்லு."

"கை வெச்சாச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்பப் பொய் சொல்லுன்னு கேக்கறது நீயா? நீ?"

"ஆமா, நான்தான் கேக்கறேன்! மீதிப் பதினொண்ணும் செத்துப்போகும்டா! உங்க அணை செவ்வாக்கெழம பண்ணினதுக்கு இதெல்லாம் சாகணுமா? ஒத்த வார்த்த. ஒரு வார்த்தைதானே கேக்கறேன்!"

"இவன்தான் தோண்டச் சொன்னான்," என்றான் கீத். குரல் உடைந்து சிறுபிள்ளையின் குரலாகியிருந்தது. "நீதான் முதல்ல தோண்டின. எல்லாத்தையும் என் தலையில போடாத."

"ஆர்லன், நீயாவது சொல்லேன்."

ஆர்லன் திரும்பினான். "என்ன சொல்ல? நான் சொன்னதாலதான் அவன் கைய விட்டான்." தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு கீத்தைப் பார்த்தான். "பன்னெண்டுன்னு சொல்லு கீத். என் மேல இருக்கற ஆத்திரத்தை அப்புறம் தீத்துக்கோ. இப்பச் சொல்லு."

கீத் முட்டைகளைச் சரளைக்குள் வைத்தான். கற்களை மேலே போட்டு மூடினான். கையுறையைக் கால்சட்டையில் துடைத்தான். இரண்டாவது சங்கு ஊதியது. அவன் வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கினான். நாலு எட்டு போய், திரும்பாமலே சொன்னான்:

"பதினொண்ணு."

நோரீன் ஒரு கல்லை எடுத்து அவன் முதுகைப் பார்த்து எறிந்தாள். அது குறி தவறி விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள். ஆர்லன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போனான். பின்னால் தண்ணீர் கற்களுக்கு இடையில் புகுந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நாடாக்கள் ஒவ்வொன்றாக முழுகின.

அந்த வாரமே மூவரும் நடந்ததை நடந்தபடி தெரிவித்தார்கள். பாதுகாக்கப்பட்ட மீனின் முட்டைக்குழியைத் திறந்ததற்காக நோரீன் ஹோவ்லண்டுக்கு ஒரு வருடம் ஆற்றில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. கீத் பாசெட் எச்சரிக்கையோடு விடப்பட்டான். பகலில் தண்ணீர் திறந்தது அவசரநிலை நடவடிக்கை என்று ஏற்கப்பட்டதால் அணை நிர்வாகத்தின் மீது நடவடிக்கை இல்லை.

குளிர்காலம் முழுவதும் கெஸ்லர் அணை கீழ் முளை வரை தண்ணீர் விட்டது. ஜனவரி முதல் வாரத்தில் திட்டின் மேட்டுப்பகுதி உறைந்தது. மார்ச்சில் ஆர்லன் வெஸ்லியும் மீன்துறையின் வேறொரு உயிரியலாளரும் உரிய அனுமதியோடு மேல் முளைக்கு மேலிருந்த பதினோரு குழிகளையும் திறந்து பார்த்தார்கள். உயிரோடு எதுவும் இல்லை.